மலைப்படிகள் மழையை என்ன செய்கின்றன?

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா மாநிலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகி வைத்ததுபோல ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. மோந்தெரோசோ, வெர்னாசா, கோர்னில்யா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்தையும் சேர்த்துச் சின்க்வே தெர்ரே என்கிறார்கள். 'ஐந்து நிலங்கள்' என்று பொருள். ஐந்திணையை நினைத்துக்கொள்ள வேண்டாம், இங்கே இருப்பது நெய்தலும் குறிஞ்சியும் மட்டும்தான்.

இவற்றில் வெர்னாசாவின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சிறிய படகுத்துறை, அதன் ஓரத்தில் அலை தொடும் தூரத்தில் ஒரு தேவாலயம், மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நெருக்கியடித்த வீடுகள், மேலே ஒரு பழைய காவல் கோபுரம். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலையை உற்றுப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை படிப்படியாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு கல் சுவர். படியின் மேல் திராட்சைக் கொடி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கையால் செய்த வேலை அது. 1997-இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்குக் காரணமும் இந்தப் படிகள்தாம், வண்ண வீடுகள் மட்டுமல்ல.

படி வெட்டிய மலை நமக்குப் புதிதா? செமோரிலிருந்து சுங்கை சிப்புட் பக்கமோ தஞ்சோங் ரம்புத்தான் பக்கமோ போகும்போது பழைய தோட்டத்து மேடுகளைக் கவனியுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்திருக்கலாம், செம்பனையும் போய் வீட்டு மனை வந்திருக்கலாம். ஆனாலும் வெயில் சாயும் நேரத்தில் மேட்டின் மீது கோடு கோடாக நிழல் விழும். அவை நம் பாட்டன் பாட்டிமார் மண்வெட்டியால், நம் பேச்சில் சொன்னால் சங்குலால், வெட்டிய படிகள். அங்கே மதுவுக்காக, இங்கே ரப்பருக்காக. எதற்காக வெட்டினாலும் மழை வந்தால் அந்தப் படிகள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: இத்தனை தண்ணீரை என்ன செய்வது?

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஏக்கரில் விழுந்த தண்ணீரின் எடை சுமார் 400 டன். ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. சமதரையில் இது தேங்கும், வடியும், போய்விடும். சரிவில் அதே தண்ணீர் மண்ணைத் தள்ளிக்கொண்டு இறங்கும். சரிவைப் படிகளாக வெட்டினால் நீண்ட ஓட்டம் சிறு சிறு துண்டுகளாக முறிகிறது. தண்ணீர் வேகம் எடுப்பதற்குள் அடுத்த தட்டையான இடம் வந்துவிடுகிறது. உலகில் படி வெட்டி விவசாயம் செய்த எல்லாச் சமூகங்களும் கண்டுபிடித்த உண்மை இது. பிறகுதான் அவரவர் வழி பிரிகிறது.

சாந்து இல்லாத சுவர்

வெர்னாசாவின் சுவர்களில் சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. அங்கேயே கிடைக்கும் மணற்கல்லை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த அடுக்கி, பின்பக்கம் சிறு சல்லிக் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். சுவர் செங்குத்தாக நிற்காமல் மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். இப்படி வெறுங்கல் அடுக்கும் கலையை 2018-இல் இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் மரபாக யுனெஸ்கோ தனியே பட்டியலிட்டது.

சாந்து வாங்கக் காசில்லாததால் இப்படிக் கட்டினார்கள் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விளைவு என்னவென்றால், சுவர் முழுக்க ஓட்டை. மழை நீர் மண்ணுக்குள் இறங்கி, சல்லி வழியாக வடிந்து, கல் இடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடுகிறது. மண் நிற்கிறது, நீர் போகிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. இரண்டு மீட்டர் உயரச் சுவர் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பின்னால் சாதாரண, நீர் தேங்காத மண். அந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தோராயமாக 1.2 டன் விசையோடு தள்ளும். இப்போது சுவரின் ஓட்டைகளை அடைத்துவிட்டு, பின்னால் உச்சி வரை தண்ணீர் தேங்க விடுங்கள். தண்ணீர் மட்டுமே இரண்டு டன் அளவுக்குத் தள்ளும். மண்ணின் பங்கையும் சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். சுவர் அதே சுவர், சுமை இரண்டு மடங்கு. சுவரின் உயரத்தை இரு மடங்காக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். உயரமான ஒற்றைச் சுவரைவிடச் சின்னச் சின்னச் சுவர்கள் பல ஏன் நல்லவை என்பதற்கும் இதுவே காரணம்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். இரண்டு பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஒரு பக்கச் சுவரை மட்டும் வெட்டி எடுங்கள். ஒன்றில் அந்தப் பக்கத்தைக் கூழாங்கற்களை அடுக்கி மூடுங்கள்; மற்றொன்றில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள். இரண்டிலும் மணலை நிரப்பி, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கல் பக்கத்தில் தண்ணீர் கசிந்து ஓடும். தாள் பக்கம் முதலில் வயிறு தள்ளும், பிறகு பிய்த்துக்கொள்ளும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உராய்வதால்தான் சரிவில் மண் நிற்கிறது. துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பிடிப்பு கூடும்; கடற்கரையில் ஈர மணலில் வீடு கட்ட முடிவது அதனால்தான். இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பிவிட்டால் அந்தத் தண்ணீரே துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ள ஆரம்பிக்கும். உராய்வு குறையும். ஒரு கட்டத்தில் மலை தன் எடையைத் தாங்க முடியாமல் வழுக்கிவிடும். மேலே எடை கூடியது பாதிக் காரணம், உள்ளே பிடி தளர்ந்தது மீதிக் காரணம்.

2011 அக்டோபர் 25

அன்று மதியம் கிழக்கு லிகூரியாவின் மேல் ஒரு மழைமேகக் கூட்டம் நகராமல் நின்றுவிட்டது. வெர்னாசாவுக்கு அருகே உள்நாட்டில் இருக்கும் பிருன்யாத்தோ என்ற ஊரில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. அந்தக் கரையோரத்தில் ஓர் ஆண்டுக்கே ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர்தான் மழை. அதாவது அரையாண்டு மழை சில மணி நேரத்தில் கொட்டியிருக்கிறது.

வெர்னாசாவுக்குத் தண்ணீர் அனுப்பும் மலைப்பகுதி மிகச் சிறியது, ஆறு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. சரிந்த மண், உடைந்த சுவர்களின் கல், வேரோடு வந்த மரம், வழியில் நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஊரின் பிரதான தெரு வழியாகக் கடலை நோக்கி வந்தன. தரைத்தளக் கடைகள் கூரை வரை சேற்றில் புதைந்தன. சில இடங்களில் நான்கு மீட்டர் உயரத்துக்குச் சேறு. வெர்னாசாவில் மூன்று பேரும் பக்கத்து மோந்தெரோசோவில் ஒருவரும் இறந்தார்கள். சாலையும் ரயிலும் அற்றுப்போக, ஊர்மக்களைப் படகில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள்.

அந்தப் பிரதான தெருவைப் பற்றி ஒரு விஷயம். அது ஆதியில் தெருவே அல்ல, ஓடை. மலையிலிருந்து ஊருக்குள் வந்து கடலில் கலந்த ஓடையின்மேல் மூடி போட்டுத் தெருவாக்கியிருக்கிறார்கள். மனரோலாவிலும் ரியோமஜோரேவிலும் அதே கதைதான். சாதாரண மழைக்கு மூடிக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கு இடம் போதும். கல்லும் மரமும் வந்து வாயை அடைத்துவிட்டால் ஓடை தன் பழைய வழிக்கு, அதாவது தெருவுக்கு, ஏறி வந்துவிடும்.

வெள்ளத்துக்குப் பின் புவியியலாளர்கள் மலை முழுவதையும் அலசினார்கள். எங்கே சரிந்தது, அங்கே நிலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டார்கள். நீங்களும் நானும் என்ன எதிர்பார்ப்போம்? வெட்டாத காடு பத்திரம், வெட்டிய மலை ஆபத்து என்று இரண்டாகப் பிரிப்போம். அவர்கள் கண்டது அதைவிட நுட்பமானது. அதிகம் சரிந்தவை, கைவிடப்பட்டு இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட படிகள். பராமரிப்பில் இருந்த திராட்சைப் படிகள் அந்த அளவுக்கு மோசமில்லை. நெடுங்காலத்துக்கு முன் கைவிடப்பட்டு, மரம் வளர்ந்து, மறுபடி காடாகிவிட்ட படிகளும் ஓரளவு தாங்கின. நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்தான் முதலில் போனது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஆள் இருக்கும்வரை விழுந்த கல்லை மறுநாளே எடுத்து வைப்பார்கள், வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளுவார்கள். ஆள் போன பிறகு ஒரு கல் விழும். அந்த ஓட்டையில் மண் ஒழுகும். மேல்படியின் சுவர் அடித்தளத்தை இழக்கும். கொடியின் வேர் செத்துப்போகும், அதன் இடத்தில் புல்லும் முட்புதரும் வரும். அவற்றின் வேருக்கு ஆழம் இல்லை. பெரிய மரம் வந்து வேர்விட இன்னும் பல பத்தாண்டு ஆகும். அதுவரை மலையைப் பிடித்துக்கொள்ள மனிதனும் இல்லை, மரமும் இல்லை.

ஆட்கள் ஏன் போனார்கள்? 1860-களில் பக்கத்து லா ஸ்பெட்சியா நகரில் பெரிய கடற்படைத் தளம் கட்டினார்கள். மாதச் சம்பளம் கிடைத்தது. 1870-களில் ரயில் வந்தது. பிறகு திராட்சை வேரைத் தின்னும் பூச்சி வந்தது. கூடையில் பழத்தைச் சுமந்து நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்க இளைஞர்கள் தயாராக இல்லை. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சை இன்று ஏறத்தாழ நூறு ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. செமோரில் இதைப் படிக்கும் உங்களுக்கு இந்தக் கதையில் எந்த வரியும் அந்நியமாகப் பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

தோட்டத்துப் படி

இனி நம் மலைக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். நடுவே சமவெளியில் திடீர் திடீரென்று எழுந்து நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். செமோர் அருகே உள்ள குனோங் கந்தான் அவற்றில் ஒன்று. கருங்கல் நம் வெப்பத்திலும் மழையிலும் காலப்போக்கில் மக்கி, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிவிடும். அடுக்கிச் சுவர் கட்டக் கையடக்கக் கல் இங்கே சுலபத்தில் கிடைக்காது. எனவே தோட்டத்துப் படிக்குச் சுவர் இல்லை. மண்ணையே வெட்டி மண்ணையே அணைத்த படி அது.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. செமோரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. 1905-க்குப் பிறகு ரப்பர் விலை ஏற ஏறப் பேராக்கின் மேடுகள் வேகமாகத் தோட்டமாயின. அந்தக் காலத்துத் துரைமார்களுக்குத் தோட்டம் துடைத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும். மரத்தடியில் ஒரு புல் தெரியக் கூடாது. வெளிக்காட்டு வேலைக்குப் போன பெண்கள் நாள் முழுவதும் புல் செதுக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. மழை வந்தபோது மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போனது.

மரத்தின் நிழல் மண்ணைக் காப்பாற்றாதா என்று நீங்கள் கேட்கலாம். காப்பாற்றாது. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஒன்பது மீட்டர் வரை வேகம் எடுக்கும். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். இலையில் பட்டு நின்ற துளிகள் ஒன்று சேர்ந்து, இன்னும் பெரிய துளியாக, அறுபது எழுபது அடி உயரத்திலிருந்து மறுபடி விழும்போது இழந்த வேகத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். மண்ணை அடியில் காப்பவை சருகும் கொடியும்தான். அதையல்லவா செதுக்கி எறிந்தோம்!

கிந்தா பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஈய லம்பங்கள் மலைமண்ணைக் கழுவி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன. தோட்டத்து மண்ணும் சேர்ந்தது. ஆற்றின் படுகை உயர்ந்தால் அதே மழைக்கு வெள்ளம் கூடும். 1917-லேயே கூட்டு மலாய் மாநிலங்களில் மண் அடிப்பதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சிலாங்கூரில் பழைய கோலகுபு நகரம் லம்பத்து மண்ணால் ஆறு மேடேறி, திரும்பத் திரும்ப மூழ்கி, 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு முழு ஊரையே வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. இன்றைய கோலகுபு பாருவில் இருக்கும் 'பாரு', அதாவது புதிது, என்ற சொல்லுக்கு விலை அது.

அதன் பிறகே தோட்ட விவசாயம் பாடம் படித்தது. 1925-இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அமைந்தது. புல் செதுக்குவதை விட்டுவிட்டு, மண்ணை மூடும் பயறு இனக் கொடிகளை விதைக்கும் வழக்கம் பரவியது. பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பார்த்தால் தெரியும்: மூன்று மூன்று இலையாக, இளம் மரத்தடி முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் பாய் விரித்ததுபோல் கிடக்கும். மழைத்துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கும் சேர்க்கும்.

சரிவான மேட்டில் படி வெட்டுவதற்கும் கணக்கு உண்டு. ஒரே உயரத்தில் மலையைச் சுற்றிப் போகும் கோட்டை முதலில் குச்சி நட்டுக் குறிப்பார்கள். அந்தக் கோட்டில் ஆறேழு அடி அகலத்துக்கு வெட்டுவார்கள். வெட்டிய தரை சமமாக இருக்காது; வெளி விளிம்பு உயர்ந்து, மலைப்பக்கம் தாழ்ந்து, உள்நோக்கிச் சரிந்திருக்கும். இந்தச் சாய்வை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கீழே விழாமல் உள்பக்கம் தேங்கி, மெல்ல மண்ணில் இறங்கி மரத்துக்குப் போகும். படியின் நீளத்தில் தண்ணீர் ஓடிவிடாமல் இருக்க இடையிடையே வெட்டாமல் விட்ட மண்திட்டு ஒரு தடுப்பாக நிற்கும். சரிவில் ஆங்காங்கே குழி தோண்டி, வரும் வண்டலைப் பிடித்து, மறுபடி படியில் வாரிப் போடுவார்கள். பால் வெட்டுபவருக்கு அதுவே பாதையும்கூட. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரை நிரையாகச் சுற்றி வந்தவர்கள் ஏறி இறங்காமல் நடக்க முடிந்தது இந்தப் படிகளால்தான்.

வித்தியாசம் தெரிகிறதா? வெர்னாசாவின் படி தண்ணீரை வெளியே விடுகிறது. தோட்டத்துப் படி தண்ணீரை உள்ளே வாங்குகிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மூன்றாவது வழி: சரிவின் குறுக்கே கான் வெட்டி, அதற்குள் குழிகள் விட்டு, வண்டலை நிறுத்தித் தண்ணீரை மட்டும் நகர்த்துவார்கள். கான் வெட்டு அங்கே தனி வேலை, தனிக் கூலி.

உள்ளே வாங்கும் படிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வாங்கிய தண்ணீரைக் குடிக்க மேலே மரம் வேண்டும், மண்ணைத் தைத்துப் பிடிக்கக் கீழே வேர் வேண்டும். பால்மரத்தின் ஆயுள் இருபத்தைந்து முப்பது ஆண்டு. பிறகு வெட்டி மறுநடவு செய்வார்கள். வெள்ளை வேர் நோய் புதுக் கன்றுக்குப் பரவாமல் இருக்கப் பழைய அடிக்கட்டையைப் பிடுங்குவார்கள் அல்லது சீக்கிரம் மக்கும்படி மருந்திடுவார்கள். கன்றுக்கு நல்லது. மேட்டுக்கு? பல நாடுகளில் காடு வெட்டிய சரிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: வெட்டிய உடனே மலை சரிவதில்லை, பழைய வேர் மக்கிப்போய்ப் புது வேர் இன்னும் வளராத இடைப்பட்ட ஆண்டுகளில்தான் சரிவு கூடுகிறது. குளிர் நாட்டில் அந்த இடைவெளி மூன்றாம் ஆண்டிலிருந்து பத்து, பதினைந்தாம் ஆண்டு வரை நீளும். நம் ஈர வெப்பத்தில் வேர் இன்னும் சீக்கிரம் மக்கும்.

ஒழுங்கான மறுநடவில் அந்த இடைவெளியைக் கொடி மூடிவிடும். தோட்டம் விற்கப்பட்டு, மரம் வெட்டப்பட்டு, அடுத்தது என்ன என்று முடிவாகாமல் கிடக்கும் மேட்டில்? படி இருக்கும், வேர் இருக்காது. உள்நோக்கிய சாய்வும் இருக்கும். அது தன் கடமையைத் தவறாமல் செய்து தண்ணீரை மலைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வெர்னாசாவில் முதலில் சரிந்தவையும் இப்படி நடுவில் விடப்பட்ட படிகள்தாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பவர்கள்

1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடம் விழுந்தது பற்றியே பேசினோம். பின்னால் இருந்த மலையும் படிப்படியாக வெட்டப்பட்ட மலைதான். படிகளுக்குக் கற்சுவர்கள் இருந்தன. மலையில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பியிருந்தார்கள். நாள்கணக்கில் பெய்த மழைக்கு வடிகால் போதவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள் தோற்றன. மூடிய ஓடை, நீர் வடியாத சுவர், பராமரிக்க ஆளில்லாத சரிவு: பதினெட்டு ஆண்டுகள் கழித்து வெர்னாசாவில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் கிந்தா வட்டாரத்திலேயே, 1996 ஆகஸ்ட் 29 அன்று, கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தின்மேல் சேறும் கட்டையும் பாறையும் வந்து விழுந்து 44 பேர் மாண்டார்கள். 2014 அக்டோபரில் இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. 2020 ஆகஸ்டில் கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் லயத்தில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர், பெரும்பாலும் தமிழர்கள், போய்விட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் காரணம் படிகள் அல்ல. ஆனால் தோட்டங்கள் இரண்டிலும் ஒன்று பொது. மேட்டுப் பங்களா துரைக்கு. லயம் ஓடைக்கரையில், தண்ணீர் வசதிக்காக, மலையின் காலடியில். தோட்டங்களின் அமைப்பே அப்படி. இன்று அதே காலடியில் தாமான்கள் எழுகின்றன.

நீங்கள் ஒரு மேட்டை ஒட்டிக் குடியிருந்தால் மழைக்காலத்தில் சில விஷயங்களைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கட்டிய சுவரில் நீர் வடிய விட்ட குழாய்த் துளைகளில் மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது நல்ல அறிகுறி. வராமல் போவதுதான் கெட்டது. துளையில் மண்ணோ செடியோ அடைத்திருக்கும். சுவர் வயிறு தள்ளியிருந்தால், மேட்டில் நேராக நின்ற மரமோ வேலிக்கம்பமோ சாய்ந்தால், மேல்தரையில் பிறை வடிவில் வெடிப்புத் தெரிந்தால், தெளிவாக ஓடிய ஊற்றுநீர் காரணமில்லாமல் கலங்கினால், மண் நகர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கனத்த மழையில் ஓடை திடீரென்று வற்றினால் அதைவிட மோசம்: மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அடைப்பு உடையும்போது மொத்தமும் வரும். அப்போது போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஓடையின் நீளவாட்டில் அல்ல, பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போங்கள். பிறகு ஊராட்சி மன்றத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் சொல்லலாம். பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்றே 2004 முதல் ஒரு பொறியியல் கிளை இயங்குகிறது.

போய்ப் பார்க்க விரும்பினால்

வெர்னாசா மீண்டெழுந்துவிட்டது. அடுத்த வசந்தத்திலேயே கடைகள் திறந்தன. லா ஸ்பெட்சியாவிலிருந்து ரயில் ஏறினால் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகச் சற்று நேரத்தில் கொண்டுவிடும். ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் இந்த ஐந்து ஊர்களுக்கு வருகிறார்கள், ஆகவே கோடை விடுமுறையில் போனால் படியையும் பார்க்க முடியாது, கடலையும் பார்க்க முடியாது. செப்டம்பர் நல்ல மாதம். திராட்சை பறிப்பு நடக்கும். செங்குத்தான சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன இயந்திரம் தவழ்ந்து ஏறுவதைப் பார்க்கலாம். தோளில் கம்பு போட்டு இருபுறமும் பால்வாளி தொங்க மேடு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் அருமை புரியும்.

மலைப்பாதையில் நடப்பதாக இருந்தால் சிலிப்பர் வேண்டாம். 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு. வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவந்து களைத்துப்போனார்கள் போலும். ரியோமஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதல் பாதை' 2012-இல் பாறை விழுந்து மூடப்பட்டு, 2024-இல்தான் திறந்தது. மழை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைகளை மூடிவிடுகிறார்கள், வாக்குவாதம் பலிக்காது.

ஊரில் சில அமைப்புகள் பயணிகளையே அழைத்துச் சென்று இடிந்த சுவரை மறுபடி அடுக்கச் செய்கின்றன. சுவர் கட்டத் தெரிந்த முதியவர் ஒருவர் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது உட்காரும் முகத்தைக் கண்டுபிடித்து வைப்பார். ஒரு நாளைக்குச் சில அடி நீளம் முடிந்தால் பெரிது. செமோரில் அதற்கு இணையான வேலை வேண்டுமென்றால், பழைய தோட்டத்து மேட்டில் நடந்தவர்கள் யாராவது வீட்டில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: எந்த மேட்டில் படி எவ்வளவு உயரம், எங்கே ஊற்று வரும், எந்த ஓடையை எப்போது மூடினார்கள். புது வரைபடங்களில் அந்த ஓடைகளில் பல இல்லை.